நான்கு விரல் இடைவெளி

ஆகஸ்ட் 18

மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் இன்று எங்களை முந்திவிட்டார். முந்திய பிறகு திரும்பி நின்று, "இன்னாப்பா, பொண்ணு பாக்கவா போறீங்க, இவ்ளோ கூச்சமா வரீங்க?" என்று கேட்டார்.

இந்த டைரி டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. இத்தனை மாதம் துணிப்பையின் அடியில் காலியாகக் கிடந்தது. இந்த வேகத்தில் ஊர் ஊராகப் போகிறவன் எழுதாமல் வேறு என்ன செய்வான்.

நாங்கள் சுமப்பது ஒரு ஸ்டேட்டர். ஜெனரேட்டரின் உடம்பு என்று சொல்லலாம். கட்டி முடிக்கப்போகிற அனல்மின் நிலையத்துக்குத் துறைமுகத்திலிருந்து போகிறது. முந்நூறு டன். நீலத் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருக்கிற ஒரே இரும்பு உருளை. அதைச் சுமக்கும் டிரெய்லருக்கு நூற்று அறுபது டயர். முன்னால் பஞ்சாப்காரர் பல்தேவ் ஓட்டும் புல்லர் என்கிற இழுவை லாரி இழுக்கிறது, பின்னால் இன்னொரு புல்லர் தள்ளுகிறது. நான் பின்பக்கம் நடக்கிறேன். கழுத்தில் ரிமோட் பெட்டி தொங்குகிறது. பின்சக்கரங்களைத் திருப்புவதும் ஹைட்ராலிக்கில் மேடையை ஏற்றி இறக்குவதும் என் வேலை. கட்டைவிரலை முன்னால் தள்ளினால் முந்நூறு டன் எழுந்து நிற்கும். பின்னால் இழுத்தால் உட்காரும். முதல் தடவை செய்தபோது முதுகில் புல்லரித்தது. டிப்ளமோ படித்த மூன்று வருடத்தில் ஒரு மோட்டாரைக்கூட எங்களைக் கழற்ற விட்டதில்லை.

மேடையின் நடுவில் ஒரு நீர்மட்டக் குமிழி ஒட்டியிருக்கிறோம். ரோடு எப்படிச் சாய்ந்தாலும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மடங்கியும் நீண்டும் பள்ளம் மேட்டை வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு அக்கறையோடு இந்த நாட்டில் வேறு எதையும் சுமந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 19

வலது காலில் கொப்புளம். ரோட்டுக்குக் குறுக்கே போகும் கரண்ட் கம்பியைக் கழற்ற ஈ.பி. ஆட்கள் வரவில்லை, மத்தியானம் வரை நின்றோம். வந்து கரண்டை நிறுத்தியதும் ஒரு அம்மா முறத்தால் விசிறிக்கொண்டே வெளியே வந்து, "கரண்ட் மிஷின கொண்டாரேன்னு இருக்கற கரண்ட்ட புடுங்கிட்டீங்களேடா" என்றார். பல்தேவுக்கு இந்தியில் சொன்னேன். அவர் தலைப்பாகையைத் தொட்டு அந்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டார்.

ஆகஸ்ட் 21

சிறுவாலம்பட்டு. இங்கே சிக்கல்.

மெயின்ரோட்டில் இருக்கும் பாலம் எங்கள் எடையைத் தாங்காது. அதற்கு முன்னாலேயே திரும்பி, ஊருக்குள் போகும் தார்ரோடு வழியாகச் சுற்றி, பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி ஏற வேண்டும். அந்த ஊர் ரோட்டின் தலையில் கோயில் வளைவு. இரண்டு பக்கமும் மயில், நடுவில் கீழ்நோக்கித் தொங்கும் பெரிய சிமெண்ட் தாமரை. உரக்கடை தண்டபாணி அவருடைய அப்பா நினைவாகக் கட்டியது. அப்பா பெயர் முருகன் பெயரை விடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

தாமரையின் நுனியிலிருந்து ரோடு வரை மூன்று தடவை அளந்தேன். நாங்கள் வழக்கமாக ஓட்டுகிற உயரத்தில் போகாது. மேடையை அடிவரை இறக்கினால் போகும். நான்கு விரல் இடைவெளி மிஞ்சும்.

நான் ஏணியிலிருந்து இறங்கியபோது தண்டபாணி பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திண்டிவனங்க."

"டவுன்லயேவா?"

"ஆமாங்க. ரயில்வே கேட்டுக்கிட்ட."

"கேட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"இந்தாண்ட."

"அதான பாத்தேன். மூஞ்சிலயே தெரியுது" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

டீ நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22

பத்மநாபன் சார் வந்தார். இந்தப் பயணத்துக்கு அவர்தான் பொறுப்பு. காரிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் பார்க்கிறவர். நான்கு விரல் கணக்கைச் சொன்னேன். பேப்பரில் வரைந்தும் காட்டினேன்.

"கணக்கு சரிதான், ஜெகதீசா" என்றார். "ஆனா நீ கணக்க மட்டும் பாக்கற. அந்தத் தாமரைல ஒரு இதழ் உதுந்தா என்ன ஆவும் தெரியுமா? போன வருஷம் ஒரு ஊர்ல கோயில் மதில்ல லேசா உரசிடுச்சி. புல்லரக் கொளுத்திட்டான். டிரைவர் இன்னும் ஒரு காது கேக்காம இருக்கான்."

பேசிப் பார்க்கலாம் என்று தண்டபாணியிடம் போனோம். வளைவைத் தற்காலிகமாகக் கழற்றிக் கட்டித் தருவதாகச் சார் சொன்னார். "எங்கப்பன எறக்கி வெச்சிட்டு உங்க இரும்ப ஏத்தப் போறீங்களா?" என்று தண்டபாணி கேட்டார். பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். வெளியே வந்தோம்.

காலனி பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு அக்கா இட்லி போடுகிறார். பல்தேவும் மற்றவர்களும் மூன்று வேளையும் அங்கேதான். நான் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். பல்தேவ் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். புல்லருக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பாரில் முருங்கைக்கீரை போட்டிருந்தது. வீட்டில் போடுவதுபோலவே.

ஆகஸ்ட் 23

நின்றுகொண்டே இருக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டயரை எண்ணுகிறார்கள். எண்ணி முடிப்பதற்குள் சண்டை வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார்கள்.

ஆகஸ்ட் 24

அம்மா போன் செய்தது. "கேட்டு மூடியே கெடந்துச்சிடா. தாண்டி அந்தப் பக்கம் போயி காசு போட்டுட்டு வரதுக்குள்ள பொழுது போச்சி." போனுக்குக் காசு போட இன்னும் கடைக்குத்தான் போகிறது. எத்தனை தடவை சொன்னாலும் நான் இங்கிருந்து போட்டால் நம்பாது.

"ரெண்டு மழைக்கே அப்பா எடம் எறங்கிப்போச்சி. ஒரு ஆளு படுக்கற அளவுக்கு பள்ளம். மண்ணு போடணும். நீ எப்ப வர?"

"வேலை இருக்குமா."

"வேலை எங்க போவுது. மண்ணுதான் போவுது."

நான்கு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் கூடைகூடையாகப் போடுகிறேன். உள்ளே பெட்டி மக்க மக்க மேலே மண் இறங்கும்.

ஆகஸ்ட் 25

வழி கிடைத்துவிட்டதாம்.

மெயின்ரோட்டிலிருந்து காலனிக்குப் பின்புறமாகப் புறம்போக்கு நிலத்தில் மண்ரோடு போட்டால் வளைவைத் தாண்டி ஊர் ரோட்டில் ஏறிவிடலாம். பத்மநாபன் சார் லேப்டாப்பில் மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். பச்சையும் பழுப்புமாக ஒரு திட்டு. "ஃபுல்லா காலி எடம்" என்றார்.

நேரில் போய்ப் பார்த்தேன். காலனிக்காரர்களின் இடுகாடு.

திரும்பி வந்து சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கார்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வளைவுல கீறல் விழுந்தா ஊரே வரும். இங்க யாரு வரப்போறா? வந்தாலும் பேசித் தீத்துக்கலாம். நீயே சொல்லு, எது ரிஸ்க் கம்மி?"

அது கேள்வியே இல்லை.

முந்நூறு டன்னை ஒரு டிகிரி சாயாமல் கொண்டுபோகிற மிஷினைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை எங்கே திருப்புவது என்பதை மட்டும் இன்னும் உரக்கடையில்தான் முடிவு செய்கிறார்கள். ஜெர்மனியில் செய்த டிரெய்லர். சிறுவாலம்பட்டுக்கு வந்ததும் அதற்கும் தெரு தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 27

பஞ்சாயத்து அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. தாசில்தார் நடுவில். ஒரு பக்கம் தண்டபாணியும் ஊர்க்காரர்களும் நாற்காலியில். காலனியிலிருந்து வந்தவர்கள் நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் நின்றார்கள். அந்த இட்லி அக்காவும் இருந்தார். மலர்க்கொடி. அவருடைய வீட்டுக்காரர் ஏகாம்பரம் போன மாதம்தான் இறந்தாராம். லோடுமேன். மூட்டை தூக்கும்போதே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மேல தகடு போட்டுத்தான் ஓட்டுவோம். எதையும் தோண்டப் போறதில்ல. ஒரே நாள். அப்பறம் பழையபடி சமன் பண்ணிக் குடுத்துடுவோம்" என்றார் பத்மநாபன் சார்.

மலர்க்கொடி கேட்டார்: "சமன் பண்றதுன்னா? மேடெல்லாம் தட்டிருவீங்களா? அப்பறம் எது யாருன்னு நாங்க எப்பிடிக் கண்டுபுடிக்கறது?"

தண்டபாணி சிரித்தார். "ஏம்மா, செத்தவன் எழுந்துவந்தா அட்ரஸ் கேக்கப் போறான்?"

"உங்கப்பாரு பேர மட்டும் வளைவுல எழுதி வெச்சிக்கிறீங்களே, அவருக்கு எதுக்கு அட்ரஸு?"

தாசில்தார் பேனாவை மூடித் திறந்தார். "வளைவுக்கு அடியில போக டெக்னிக்கலா வழியே இல்லையா?"

"இல்ல சார்" என்றார் பத்மநாபன் சார்.

தாசில்தார் என்னைப் பார்த்தார். "நீங்கதான அளந்தது?"

தண்டபாணியும் என்னைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்த முகத்தோடு.

"கஷ்டம் சார்" என்றேன்.

சுவரோரத்திலிருந்து மலர்க்கொடி, "கஷ்டம்னா? முடியுமா முடியாதா?" என்றார்.

"முடியாதும்மா, அதைத்தான் சொல்றாரு" என்று பத்மநாபன் சார் முடித்தார்.

நான் பொய் சொல்லவில்லை. கஷ்டம்தான். நான்கு விரல் என்பது கஷ்டம்தான்.

ஆகஸ்ட் 28

மண்ரோட்டின் இடது ஓரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். மலர்க்கொடி வந்து நின்றார். இடுப்பில் தண்ணீர்க் குடம். கோடு ஏகாம்பரத்தின் மேட்டின் மேல் ஏறி இறங்கியது. மேட்டைச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருந்தார். காய்ந்த சாமந்தி மாலை ஒன்று.

"சார், கொஞ்சம் தள்ளிப் போவாதா?"

என்னைச் சார் என்று கூப்பிட்டதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இன்னும் சிமெண்ட்டு பூசல. ஈரம் காயட்டும்னு வெச்சிருந்தேன். மனுசன் உயிரோட இருந்தப்ப முதுவுல மூட்டைதான் பாத்தாரு. இப்பயாச்சும்..."

"ரெண்டடி தள்ளிப் போடறேன்" என்றேன்.

காலால் சுண்ணாம்பைக் கலைத்துவிட்டு மேற்கே தள்ளிப் போட்டேன். அந்தப் பக்கம் மேடு எதுவும் இல்லை. வெறும் புல். ஒரு பக்கமாகக் கொஞ்சம் குழிந்திருந்தது.

மலர்க்கொடி குடத்திலிருந்து தண்ணீர் கொடுத்தார். கை குவித்துக் குடித்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஜே.சி.பி. டிரைவர் மட்டும்தான், அவனும் போனில் இருந்தான்.

ஆகஸ்ட் 29

மழை. கூடாரத்தில் ஒழுகியது. பல்தேவ் ஸ்டவ்வில் ரொட்டி சுட்டார். "உன் வீடு பக்கம்தானே, ஒரு எட்டு போய் வாயேன்" என்று இந்தியில் கேட்டார். லீவு தரமாட்டார்கள் என்றேன். நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 31

ரோலர் ஓட்டி மண்ணை இறுக்கினார்கள். மண் சோதனைக்கு இரண்டு இடத்தில் குழி எடுத்தார்கள். இரண்டும் வேலியோரம், காரை நிறுத்த வசதியான இடம். "நல்ல கெட்டி மண்ணு" என்று அறிக்கை. மேலே இரும்புத் தகடுகளை விரித்தோம். நாளை காலை வண்டி இறங்குகிறது.

செப்டம்பர் 1

காலையில் பூசணிக்காய் உடைத்து, முன்சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்துக் கிளம்பினோம். பாதி தூரம் நன்றாகப் போனது. காலனி முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. யாரும் செல்போனில் படம் எடுக்கவில்லை. வந்த வழியெல்லாம் எடுத்தார்கள், இங்கே மட்டும் இல்லை.

ஏகாம்பரத்தின் மேட்டைத் தாண்டும்போது குமிழி அசைந்தது. நான் இடதுபக்கத்தை ஏற்றினேன். குமிழி நடுவுக்கு வந்தது, மறுபடி ஓடியது. இன்னும் ஏற்றினேன். ஹைட்ராலிக் முழுக்க நீண்டுவிட்டது. அதற்கு மேல் நீள இடமில்லை. "நிறுத்து" என்று கத்தினேன். ரேடியோவில் கத்தினேனா வாயால் கத்தினேனா என்று நினைவில்லை. பல்தேவ் நிறுத்துவதற்குள் தகடு நடுவில் வளைந்து, பக்கத்திலிருந்த தகடு ஆளுயரம் எழுந்து நின்று, மெதுவாக விழுந்தது. இடதுபக்கச் சக்கரங்கள் மண்ணுக்குள் போயின. சத்தமே இல்லை. மாவில் கை இறங்குவதுபோல இறங்கின.

புதைத்த இடம் உள்ளே பொள்ளலாக இருக்கும். ரோலர் மேலே இறுக்கும், உள்ளே இருப்பதை என்ன செய்யும். பத்மநாபன் சார் வீட்டில் செத்தவர்களை எரிப்பார்கள். தண்டபாணி வீட்டில் எரிப்பார்கள். மண் சோதனைக்கு வந்தவர்கள் வீட்டிலும் எரிப்பார்களாக இருக்கும். அதனால் யாருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பர் 2

குமிழி கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

செப்டம்பர் 3

சென்னையிலிருந்து பெரிய ஜாக்கிகள் வந்தன. கூடவே இரண்டு பேர் வெள்ளை ஹெல்மெட்டில். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் ஸ்டேட்டர் உருண்டுவிடும் என்றார்கள். சக்கரத்தைச் சுற்றி மண்ணை எடுக்க வேண்டும். ஜே.சி.பி. கிட்டே வந்தால் அதிர்வில் இன்னும் இறங்கும். கையால்தான் தோண்ட வேண்டும்.

யார் தோண்டுவது? ஊர்க்காரர்கள் யாரும் இடுகாட்டு மண்ணில் கை வைக்கமாட்டார்களாம். தாசில்தார் காலனிக்குப் போனார். போலீஸ் ஜீப்பும் போனது. "எங்களுக்கு வேற வேலை இருக்குது" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிடக்கட்டும், மழை பெய்து துருப்பிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் மலர்க்கொடி மண்வெட்டியோடு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"உங்களுக்கோசரம் வரல" என்று பத்மநாபன் சாரிடம் சொன்னார். "அது எங்க ஆளுங்க மேல ஒக்காந்துனு இருக்குது. எறக்கணும்."

செப்டம்பர் 4

தோண்டினார்கள். நானும் இறங்கினேன். பத்மநாபன் சார், "நீ மேல வா, பாக்கறவன் இன்னா நெனப்பான்" என்றார். காதில் விழாததுபோல இருந்தேன். கொஞ்ச நேரம்தான். பிறகு தண்டபாணி வேடிக்கை பார்க்க வந்தார். ரிமோட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, மேலே ஏறிவிட்டேன்.

மக்கிய பலகை வந்தது. கண்ணாடி வளையல் ஒன்று முழுசாக வந்தது. ஒரு பெரியவர் அதைத் துடைத்துப் பார்த்து, "எங்க சின்னம்மாவுது" என்று மடியில் வைத்துக்கொண்டார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. எலும்புகளைத் தனித்தனியாக வைக்க முடியவில்லை. ஒரே வேட்டியில் சேர்த்துக் கட்டினார்கள்.

செப்டம்பர் 5

ஜாக்கி வைக்க உறுதியான இடம் வேண்டும். மேற்குப் பக்கம் முழுக்கத் தோண்டியாகிவிட்டது. வெள்ளை ஹெல்மெட்காரர் டிரெய்லரின் இடதுபக்கம், நடு உத்திரத்துக்கு நேராகத் தரையில் காலால் கோடு கிழித்தார். ஏகாம்பரத்தின் மேடு.

"இது புதுசு" என்றேன்.

"அதான் நல்லது. சுத்தி செங்கல் வெச்சி நெறைய மண்ணு போட்டிருக்காங்க. மேல கட்டை அடுக்கினா தாங்கும்."

மலர்க்கொடி அங்கேதான் இருந்தார். செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். மாலையை எடுத்தார். பிறகு தள்ளிப் போய் நின்றுகொண்டு, "வெய்யுங்க" என்றார்.

ரயில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே ஜாக்கி. ஜாக்கியை இயக்கியவர் அவர்களுடைய ஆள். ரிமோட் என்னிடம். இரண்டும் சேர்ந்து தூக்க வேண்டும். தூக்கினோம். கட்டைகள் முனகின. டிரெய்லர் விரல் விரலாக எழுந்தது. அதன் பாரம் அந்த ஒரு இடத்தில்தான் இறங்கியது. சக்கரங்கள் வெளியே வந்ததும் அடியில் தகடு தள்ளினார்கள். குமிழி நடுவுக்கு வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். வெள்ளை ஹெல்மெட்காரர் என் முதுகில் தட்டினார். இவ்வளவு பாரத்தை இப்படிப்பட்ட மண்ணிலிருந்து தூக்கியது பெரிய சாதனையாம். கம்பெனி இதழில் போடுவார்களாம். படம் எடுத்தார்கள். நானும் நின்றேன்.

கட்டைகளை எடுத்துப் பார்த்தபோது மேடு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம். விளிம்பு அறுத்ததுபோல இருந்தது.

செப்டம்பர் 6

வண்டியைப் பின்னோக்கி இழுத்து மறுபடி மெயின்ரோட்டில் ஏற்றினோம். புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம். மின் நிலையத்திலிருந்து பத்மநாபன் சாருக்கு ஓயாமல் போன். கலெக்டர் அலுவலகத்திலிருந்து உத்தரவு: வளைவு வழியாக முயற்சி செய்யவும். போலீஸ் பாதுகாப்பு உண்டு.

தண்டபாணி ஒத்துக்கொண்டார். சேதமானால் புது வளைவு, இதைவிடப் பெரியதாக.

சார் என்னைக் கூப்பிட்டார். "அன்னைக்கு ஒரு படம் வரைஞ்சியே, இருக்கா?"

பையிலேயே இருந்தது.

செப்டம்பர் 7

மழை இல்லை. வளைவுக்கு முன்னால் நிறுத்தி மேடையை அடிவரை இறக்கினேன். நூற்று அறுபது டயரும் வயிறு தரையில் படுகிறதுபோல உட்கார்ந்தன. பல்தேவ் கண்ணாடியை இறக்கி, "ஜகதீஸ், பேசிக்கொண்டே இரு, நீ சொன்னால் மட்டும்தான் மிதிப்பேன்" என்றார்.

ஏணியில் ஒரு ஆள் தாமரைக்குப் பக்கத்தில். நான் கீழே. ஊர் முழுக்க இரண்டு பக்கமும். வண்டி நகர்கிறதா என்று பார்த்தால் தெரியாது. வளைவின் நிழல் தார்ப்பாயின் மேல் ஊர்வதை வைத்துத்தான் தெரிந்தது. உருளையின் உச்சி தாமரைக்கு நேராக வந்தது. ஏணியில் இருந்தவன் கையை இடையில் நுழைத்துக் காட்டினான். கட்டைவிரலை மடக்கிய கை. நான்கு விரல்.

ஒரு இதழ் உதிரவில்லை. ஒரு பொடி சிமெண்ட் உதிரவில்லை.

இதுவரைக்கும் நான் செய்ததிலேயே இதுதான் சுத்தமான வேலை. பல்தேவ் கீழே இறங்கிவந்து கட்டிப்பிடித்தார். தண்டபாணி புல்லருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "நம்ம பையன்! நான் மொத நாளே சொன்னேன்ல" என்று என் கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் விசிலடித்தது.

கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் காலனிக்காரர்கள் சிலர் நின்றார்கள். விசில் முடிந்து பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

செப்டம்பர் 8

கிளம்பும் முன் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பலகையில் உட்கார்ந்தேன். முதல் தடவை. மலர்க்கொடி தட்டில் இலை போட்டு இட்லி வைத்தார்.

"வயிறு சரியாப்போச்சா?" என்றார். பல்தேவ் சைகையில் சொல்லியிருக்க வேண்டும்.

"சரியாப்போச்சிக்கா."

சாம்பார் ஊற்றினார். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, கட்டைவிரலை மடக்கி, நான்கு விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"நானும் மரத்தாண்ட நின்னு பாத்துனு இருந்தேன். கஷ்டம்னியே."

நான் இட்லியைப் பிட்டேன்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அந்த ஆபீசரு கேட்டப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடுப்பைத் தணித்தார். இன்னொருவருக்கு வடை கட்டிக் கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"திண்டிவனம்னு உங்காளு சொன்னாரு. அங்க எங்க?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட."

"எங்க நாத்தனார அங்கதான் குடுத்திருக்குது. கேட்டுக்கு அந்தாண்ட. நம்ம தெரு."

"நானும் அந்தாண்டதான்."

கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். தண்டபாணி தேடியதையேதான் அவரும் தேடினார் என்று நினைக்கிறேன்.

"யாரு புள்ள?"

"கொத்தனார் அன்பரசு. நாலு வருஷம் ஆச்சி."

"அங்கதான் வெச்சிருக்கீங்களா?"

"ஆமாக்கா. தண்டவாளத்தாண்ட."

சட்னியை எடுத்து என் இலையில் வைத்தார்.

"ஊரு ஆளுன்னு நெனச்சிருந்தேன் உன்ன. அவங்க புள்ள அவங்களுக்குத்தான பேசும்னு, உம்மேல எனக்குக் கோவமே வரல" என்றார். "ரெண்டடி தள்ளிப் போட்டியே, அதுக்கு எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிக்கூட வெச்சேன். ஊரு புள்ளைல இப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு."

பல்தேவ் ஹாரன் அடித்தார்.

"சாப்புடு. ஆறிடும்" என்றார்.

சாப்பிட்டேன். காசை நீட்டியபோது எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஒரு ரூபாய்கூட விடவில்லை.

ஒன்பது கிலோமீட்டர் வந்தோம். நல்ல ரோடு. குமிழி நடுவிலேயே நின்றது.